முள்ளெலிக்கு இருபத்தைந்து டிகிரி

“நானா... வெளிச்சம் வராம, சூடு மட்டும் வர்ற பல்ப் இருக்குங்களா?”

அன்றைக்குப் பலாங்கொடைக் கடைத்தெருவில் நிலுஷா இதே கேள்வியைக் கேட்காத மின்சாதனக் கடை இல்லை. ஒரு கடையில் சிரித்தார்கள். இன்னொரு கடையில் எல்ஈடி பல்ப் ஒன்றை நீட்டி, “இது சூடே வராது, நல்ல சாமான்” என்று புகழ்ந்தார்கள். கடைசிக் கடைக்காரர் ஹுஸைன் நானா மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

“வெளிச்சம் வராத பல்ப்னா... அது பியூஸ் போன பல்ப் தானே புள்ள?”

“அதுல சூடும் வராதே நானா. எனக்குச் சூடு வேணும். வெளிச்சந்தான் வேணாம்.”

“அதுக்குப் பேரு அடுப்புங்க,” என்றது பின்னால் ஒரு குரல்.

நிலுஷா திரும்பினாள். குடையை மடக்கி, மழைத்தண்ணீரைக் கடைப்படியில் உதறிக்கொண்டு ஒருவன் நின்றிருந்தான். உதட்டில் சிரிப்பில்லை. ஆனால்... அந்தக் கண்கள். உதட்டை அடக்கத் தெரிந்தவனுக்குக் கண்ணை அடக்கத் தெரியவில்லை. இப்படிப்பட்ட கண்களை வைத்துக்கொண்டு முன்பின் தெரியாத பெண்ணைக் கேலி செய்கிறவன்மேல் உடனே கோபப்படுவதா, கொஞ்சம் பொறுத்துக் கோபப்படுவதா என்று அவளுக்கு ஒரு கணம் குழப்பமாகிவிட்டது.

உடனேயே கோபப்பட்டாள்.

“உங்ககிட்ட யாரும் கேக்கலயே.”

“இல்லைங்க. சும்மா ஒரு உதவி...”

“இந்த மாதிரி உதவியை உங்க வீட்டுல செய்யுங்க.”

அந்த நேரம் பார்த்து அவள் கையிலிருந்த கூடை சீறியது. நீளமான, நிச்சயமான சீறல். அவன் ஒரே தாவலில் படியைத் தாண்டி மழைக்குள் போய் நின்றான்.

“பாம்புங்களா?”

“முள்ளெலி,” என்றாள் நிலுஷா. இந்த ஒரு வாரத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் சந்தோஷம், அவன் மடக்கிய குடையோடு நனைந்துகொண்டிருந்த அந்தக் காட்சிதான்.

முள்ளெலி அவளுடையது அல்ல. அதுதான் பெரிய கொடுமை. கொழும்பு வெள்ளவத்தையில் அவளோடு ஒரே அறையில் தங்கியிருந்த ரிஸ்லா ஆசை ஆசையாக வாங்கி, ரம்புட்டான் என்று பெயர் வைத்து, டோஹாவில் வேலை கிடைத்ததும் நிலுஷாவின் மடியில் வைத்துவிட்டுப் பறந்துவிட்டாள். விமான நிலையத்திலிருந்து குரல் பதிவு மட்டும் வந்தது. “நிலு, அதுட கூட்டுல எப்பவும் இருபத்தஞ்சு டிகிரி இருக்கணும். ரொம்பக் குளிர்ந்தா சுருண்டு தூங்கிடும். அந்தத் தூக்கத்துல இருந்து எழும்பாமலே போயிடும். ரொம்பச் சூடானாலும் தாங்காது. வெளிச்சம் இருந்தா வெளிய வந்து சாப்பிடாது. மத்தபடி ஒரு தொந்தரவும் இல்ல.”

மத்தபடி ஒரு தொந்தரவும் இல்லை... நிலுஷா அந்தக் குரல் பதிவைக் கேட்கும்போதெல்லாம் பல்லைக் கடித்தாள். அவள் வேலை செய்தது பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில். பல்லைக் கடிப்பது எவ்வளவு கெடுதல் என்று அவளே தினமும் பத்துப் பேருக்குச் சொல்கிறவள்.

அறைச் சொந்தக்காரம்மா, எலி என்ற பேச்சே ஆகாது என்றுவிட்டாள். வேறு வழியில்லாமல் லீவு போட்டு, ரம்புட்டானைத் தூக்கிக்கொண்டு, அம்மா அப்பா இருக்கும் தேயிலைத் தோட்டத்துக்குக் கிளம்பினாள். பலாங்கொடையில் வந்து இறங்கிய பிறகுதான் உறைத்தது. மார்கழி மாதம். மலை உச்சித் தோட்டம். காலையில் வாயைத் திறந்தால் புகை வரும் இடம். அங்கே இருபத்தைந்து டிகிரிக்கு எங்கே போவது?

ஹுஸைன் நானா பரணிலிருந்து இரண்டு பழைய குண்டு பல்ப்களைத் தூசி தட்டி எடுத்தார்.

“கோழிக்குஞ்சு வளக்கிற ஆக்கள் கொண்டு போறது. சூடு நல்லா ஈக்குது. வெளிச்சமும் ஈக்குது. அதுக்கு நான் என்ன செய்ய?”

“மண்சட்டியைக் கவுத்து மூடுங்க,” என்றான் மழையில் நின்றவன். “சட்டி சூடாகும். வெளிச்சம் உள்ளயே நின்னுடும்.”

நல்ல யோசனை. அதனாலேயே அவளுக்கு இன்னும் எரிச்சலாக வந்தது. பதில் சொல்லாமல் பல்ப்களை வாங்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தாள்.

பஸ்ஸில் அவளுக்குக் கிடைத்தது ஜன்னலோர இடம். ஷட்டர் பாதியில் சிக்கியிருந்தது. சாரல் நேராகக் கூடைமேல் அடித்தது. கூடைக்குள் வைத்த சுடுதண்ணீர்ப் போத்தல் ஆறிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தால்... பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதே கண்கள். சட்டையெல்லாம் ஈரம்.

எலிக்காக மானத்தை விழுங்கினாள்.

“இந்த ஷட்டரைக் கொஞ்சம் இறக்குறீங்களா?”

அவன் ஒரு கையால் இழுத்தான். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். ஷட்டர் தடாலென்று இறங்கியது. அவன் முழங்கை போய் அவளுடைய கைப்பையில் இடித்தது. பைக்குள் கண்ணாடி நொறுங்கும் சத்தம் கேட்டது.

“என்னங்க அது?”

“தர்மாமீட்டர்,” என்றாள் நிலுஷா மெதுவாக. “அறைச்சூடு பாக்கிறது. இப்பத்தான் வாங்கினேன்.”

கண்டக்டர் எட்டிப் பார்த்து, கூடைக்குள் இருப்பது முள்ளம்பன்றிக் குட்டியா, அப்படியென்றால் வனஜீவிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று சிங்களத்தில் எச்சரித்தார். இது அந்தப் பிராணி இல்லை, வெளிநாட்டு முள்ளெலி, கடையில் வாங்கியது என்று அவளும் சிங்களத்திலேயே விளக்கினாள். எலிக்குச் சுடுதண்ணீர்ப் போத்தலா என்று அவர் பஸ்ஸுக்கே கேட்கும்படி ஆச்சரியப்பட்டார். மிச்ச வழி முழுக்க, கொழும்பிலிருந்தா கொண்டு வருகிறாள், அது கடிக்குமா, குட்டி போடுமா, என்ன தின்னும் என்ற கேள்விகளுக்கு நிலுஷா பதில் சொன்னாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே அவன் நின்றான். அவள் இறங்கிய இடத்திலேயே அவனும் இறங்கினான்.

“நீங்களும் இங்கயா?” என்றாள் திகைத்துப் போய்.

“தேயிலை பெக்டரியிலங்க. சின்ன டீமேக்கர். காளிதாஸ். போன மாசந்தான் தெரணியகலைப் பக்கத்துல இருந்து மாத்துனாங்க.”

“நல்லாத்தான் மாத்துனாங்க,” என்று சொல்லிவிட்டு அவள் தொழிலாளர் வரிசை வீடுகள் இருக்கும் லயத்துப் பாதையில் ஏறினாள். அவன் தன் குடையை விரித்து அவள் கூடைக்கு மேலே பிடித்தபடி பின்னாலேயே வந்ததை, வீட்டு வாசலை அடைந்த பிறகுதான் கவனித்தாள்.

மறுநாள் காலையில் வாசலில் ஒரு பெரிய பெட்டி நின்றது. உட்புறம் ஈயத்தாள் ஒட்டிய பழைய தேயிலைப் பெட்டி அது. அதற்குப் பின்னால் காளிதாஸ். ஒரு பக்கத்தில் சின்னக் கதவு வெட்டி, பல்ப்புக்கு ஓட்டை போட்டு, மண்சட்டியும் கொண்டுவந்திருந்தான்.

“தர்மாமீட்டர் உடைச்சதுக்கு...” என்றான்.

நிலுஷாவின் அம்மா விஜயகலா, ஓய்வு பெறும்வரை தேயிலைக் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தவள். “உள்ள வாங்க தம்பி, தேத்தண்ணி குடிங்க,” என்று அவனைக் கொண்டாடினாள். அப்பா கிருஷ்ணராஜ் தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டுகிறவர். பெட்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “எனக்குக் குளிருதுன்னு சொன்னா ஒரு போர்வை கெடையாது. எலிக்கு பங்களாவா?” என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போனார்.

காளிதாஸ் பைக்குள்ளிருந்து ஒரு மரப்பலகையை எடுத்தான். அதில் பக்கத்துக்குப் பக்கமாக இரண்டு வெப்பமானிகள். வலது பக்கத்து வெப்பமானியின் குமிழில் துணித்திரி சுற்றியிருந்தது. திரியின் நுனி ஒரு சின்னக் குப்பிக்குள் தொங்கியது.

“பழசு. வாட்டுற மாடியில காத்துல எவ்வளவு ஈரம்னு பாக்கிறதுக்கு வச்சிருந்தது. திரி நனைஞ்சிருந்தா அந்தப் பக்கம் குறைச்சுக் காட்டும். இப்ப குப்பியில தண்ணி இல்ல, திரி காஞ்சிருக்கு. அதனால ரெண்டும் ஒண்ணுதான். எதைப் பாத்தாலும் சரி...”

அவன் சொல்லிக்கொண்டே போனான். வெளியே தூறல். அவன் தலைமுடியில் மழைத்துளிகள் விழலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தன. நிலுஷா அதைத்தான் பார்த்தாள். காதில் விழுந்தது கடைசி வார்த்தை மட்டும்.

“எதைப் பாத்தாலும் சரி. வெளங்கிடுச்சு,” என்றாள்.

அன்றிலிருந்து அவளுக்கு வேறு வேலையே இல்லாமல் போயிற்று. வெயில் எட்டிப் பார்த்தால் பெட்டி சூடாகும். பல்ப்பை அணைக்க வேண்டும். மூடுபனி இறங்கினால் குளிரும், போட வேண்டும். அம்மா சோறு வடிக்கக் கதவைத் திறந்தால் காற்று வரும். சாக்கை இழுத்து மூட வேண்டும். இத்தனையும் செய்தால் அந்த மகாராஜா பகலெல்லாம் தூங்குவார். இரவில் எழுந்து, தின்று, ஓடுகிற சக்கரத்திலேயே அசிங்கம் பண்ணி, அதிலேயே ஓடி, காலையில் குளிப்பாட்ட வந்தவளைக் குத்துவார். நன்றி என்பது அதன் பரம்பரையிலேயே இல்லை.

மாலையில் வேலை முடிந்ததும் காளிதாஸ் வருவான். எலியைப் பார்க்கத்தான் வருகிறான் என்று லயத்தில் ஒருவரும் நம்பவில்லை.

“எப்படிங்க இருக்கு, உங்க மாப்பிள்ளை?”

“காலையில விரல்ல குத்திடுச்சு. நேத்து அதே விரல்.”

“உங்களை மாதிரியே. கிட்ட வந்தா முள்ளு.”

“அப்ப கிட்ட வராதீங்க.”

“இருபத்தஞ்சு டிகிரியில வச்சா சாதுவா இருக்கும்னு சொன்னாங்களே...”

“அது எலிக்கு.”

அவன் சிரிப்பான். அந்தக் கண்கள் முழுவதும் சிரிக்கும். அவள் அவசரமாகப் பெட்டிக் கதவைத் திறந்து, பார்க்கத் தேவையில்லாத வெப்பமானியை இன்னொரு தரம் பார்ப்பாள்.

இடையில் கொழும்புப் பக்கம் டெஹிவளையிலிருந்து போன் வரும். ரிஸ்லாவின் தங்கை அம்ரா. நிலுஷா போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போவாள். “இன்னும் ரெண்டு நாள் அம்ரா... சொல்றேன்...” என்று குரலைத் தாழ்த்திப் பேசிவிட்டு வருவாள். கிளினிக்குக்கும் ஒரு போன் போடுவாள். லீவு இன்னும் கொஞ்சம் நீளும். இனி நீட்டினால் வேறு ஆள் எடுத்துவிடுவேன் என்று டாக்டர் சொல்லியும் விட்டார்.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

இரண்டு நாளாகவே பெட்டி சூடேறுவதில்லை என்று நிலுஷாவுக்குப் பட்டது. சின்னக் கதவு வழியாகப் பார்த்தால் பலகையின் வலது பக்கம்தான் தெரியும். அது இருபதைத் தாண்டவே மாட்டேன் என்றது. சாக்கை இரட்டையாகப் போட்டாள். இருபத்தொன்று. இரண்டாவது பல்ப்பையும் மாட்டினாள். இருபத்துநான்கு. அப்பாடா என்று கையைத் துடைத்துக்கொண்டு தேநீர் ஊற்றப் போனாள்.

திரும்பி வந்தபோது ரம்புட்டான் சுருண்டு கிடக்கவில்லை. நாலு காலையும் நாலு பக்கம் பரப்பி, வயிறு தரையில் ஒட்ட, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

அவள் இரண்டு பல்ப்பையும் அணைத்தாள். வெளியே தூக்கி வந்து ஈரத்துணியில் கால்களை வைத்தாள். விசிறினாள். காளிதாஸ் அப்போதுதான் படியேறி வந்தான். அவன் பெட்டிக்குள் கையை விட்டுப் பலகையை வெளியே இழுத்தான். இடது பக்கம் முப்பத்துநான்கு. வலது பக்கம் இருபத்துநான்கு.

“இதுல தண்ணி ஊத்துனது யாரு?” என்றான்.

“யார் ஊத்துவாங்க? எங்க வீட்டுல யாரும் உங்க சாமானைத் தொடல.” அவள் குரல் உயர்ந்தது. பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. “எதைப் பாத்தாலும் சரின்னு நீங்கதானே சொன்னீங்க? ஒண்ணு ஒரு கணக்கு, மத்தது வேற கணக்கு. ஒரு உசுரு விஷயத்துல ஓட்டைச் சாமானைக் கொண்டாந்து மாட்டிட்டு, தினம் வந்து பல்லைக் காட்டத் தெரியுது. தெரியாத வேலைன்னா தெரியாதுன்னு சொல்லணும். ஒரு எலிப் பெட்டிக்குச் சூடு பாக்கத் தெரியாதவரு, பெக்டரி நடத்துறாராம்.”

லயமே கேட்டது. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வாசலில் வந்து நின்ற விஜயகலாவை ஒரு தரம் பார்த்தான். பிறகு வாயை மூடிக்கொண்டான்.

“என் தப்புத்தாங்க,” என்றான்.

நிலுஷா பலகையை அவன் கையில் திணித்தாள். அவன் வாங்கிக்கொண்டு, குடையை விரிக்கக்கூட மறந்து, படியிறங்கிப் போனான்.

சாயங்காலத்துக்குள் ரம்புட்டான் தேறிவிட்டது. அதற்கென்று வாங்கி வந்த பூனை பிஸ்கட்டைத் தின்றுவிட்டு அவள் கட்டைவிரலைக் குத்தியது. அவளுக்கு என்னவோ அழுகை வந்தது.

மறுநாள் காலையில் விஜயகலா சின்னத் தேநீர்க் கேத்தலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்து, பெட்டியைத் திறந்து, உள்ளே தேடினாள்.

“எங்கடி அந்தப் பலகை?”

“எதுக்கும்மா?”

“திரிக்குத் தண்ணி ஊத்தணுமே.”

நிலுஷா எழுந்து நின்றாள். “நீங்களா ஊத்துனீங்க?”

“பின்ன? திரி காஞ்சு போய்க் கெடந்துச்சு. மொதல்ல ரெண்டு மூணு நாள் கவனிக்கல. கண்ணுல பட்டதும் ஊத்துனேன். காலையில மாடிக்கு ஏறுனதும் மொத வேலை அதுதானே. திரி காஞ்சிருந்தா டீமேக்கர் எப்படி ஏசுவாரு தெரியுமா? எத்தனை வருஷம் ஊத்துன கை...” விஜயகலாவின் முகத்தில் ஒரு குற்றமும் இல்லை. கடமையைச் செய்தவளின் திருப்தி மட்டும்தான்.

நிலுஷா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். திரி நனைஞ்சிருந்தா அந்தப் பக்கம் குறைச்சுக் காட்டும்... அன்றைக்கே சொன்னான். அவள்தான் அவன் தலைமுடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மன்னிப்புக் கேட்க வேண்டும். எளிது. போனை எடுத்து ‘ஸொறி’ என்று தட்டினாள். அழித்தாள். ‘தண்ணி ஊற்றியது அம்மா’ என்று தட்டினாள். தன் வாயாடித்தனத்துக்கு அம்மாவைப் பலி கொடுப்பதாக இருந்தது. அழித்தாள். லயம் முழுக்கக் கேட்கக் கத்தியதை இப்படி ரகசியமாகப் போனில் திருப்பி வாங்குவது எப்படி? அவன் வரட்டும், நேரில் சொல்லலாம் என்று இருந்தாள். அவன் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. வராதவன்மேல் கோபம் வந்தது. கோபப்படத் தனக்கு உரிமை இல்லை என்பதில் இன்னும் கோபம் வந்தது.

எலிக்கு இப்போது வெப்பமானியும் இல்லை. அவள் பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்துப் பார்த்துப் பல்ப்பைப் போட்டாள், அணைத்தாள்.

திங்கட்கிழமை விடியும்போதே காற்று. மத்தியானம் பெருமழை. பாதை வளைவில் ஒரு சவுக்கு மரம் கம்பிமேல் சாய்ந்து, தோட்டம் முழுக்கக் கரண்ட் போனது. பஸ்ஸும் இல்லை. நிலுஷா விறகடுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்துப் போத்தலில் நிரப்பி வைத்தாள். அது ஆறியது. மறுபடி வைத்தாள். அதுவும் ஆறியது. சாயங்காலம் ஆகும்முன்பே ரம்புட்டான் இறுகச் சுருண்டுவிட்டது. தொட்டால் சீறவில்லை. குத்தவும் பார்க்கவில்லை. வயிற்றுப் பக்கம் கை வைத்தால் சில்லென்றிருந்தது.

எத்தனை தரம் குத்தியிருக்கிறது... எத்தனை தரம் திட்டியிருக்கிறாள்... இப்போது ஒரு தரம் சீறினால் போதும் என்றிருந்தது.

மலைச்சரிவுக்குக் கீழே பெக்டரியின் ஜெனரேட்டர் ஓடும் சத்தம் கேட்டது. புகைபோக்கியில் புகை. அங்கே தேயிலையைக் காயவைக்கும் டிரையர் இருக்கிறது. அந்தத் தோட்டத்திலேயே சூடு என்று ஒன்று இருந்தால் அது அங்கேதான் இருக்கிறது.

அவள் எலியைச் சால்வையில் சுற்றி வயிற்றோடு அணைத்துக்கொண்டு, தேயிலைச் சரிவின் குறுக்குப்பாதையில் இறங்கினாள்.

பெக்டரி வாசலில் காளிதாஸ் வெள்ளைக் கோட்டும் தலைமுடி வலையுமாக நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் அந்தக் கண்கள் ஒளிர்ந்தன, உடனே அடங்கின.

“உள்ள விடுங்க,” என்றாள் மூச்சு வாங்க. “டிரையர் பக்கத்துல கொஞ்ச நேரம் வச்சா...”

“உள்ள விட முடியாதுங்க.”

“பழி வாங்குறீங்களா?”

“எலிங்க அது.” கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் காட்டினான். “தரச் சான்றிதழ்க்காரங்க வர்ற மாசம். எலின்னு பேர் இருக்கிற எதுவும் உள்ள வந்தா என் வேலையும் போகும், தேயிலையும் போகும்.”

நிலுஷா உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பினாள். மழைத்தண்ணீரும் கண்ணீரும் ஒன்றாக வழிந்தன.

“எங்க போறீங்க? உள்ள விட முடியாதுன்னுதான் சொன்னேன்.” அவன் தலைவலையைக் கழற்றிக்கொண்டே வந்தான். “பின்பக்கம் வாங்க. கொழுந்து லொறி வர இன்னும் நேரம் இருக்கு.”

பின்பக்கம் விறகுக் கொட்டகை. டிரையருக்குத் தீ எரிக்கும் அடுப்பின் சுவர் அந்தக் கொட்டகைக்குள்தான் இருந்தது. கிட்டப் போகும்போதே முகத்தில் சூடு பட்டது. காளிதாஸ் ஒரு காலிப் பெட்டியைச் சுவருக்குச் சற்றுத் தள்ளி வைத்தான். உள்ளே சாக்கு விரித்தான். பிறகு தன் மேசையிலிருந்து பலகையை எடுத்துவந்து மாட்டினான். அதில் திரியும் இல்லை, குப்பியும் இல்லை.

“பிச்சுப் போட்டுட்டேன்,” என்றான் அவள் பார்வையைப் பார்த்து. “திடீர்னு சுட வைக்கக் கூடாது. மெதுவாத்தான் ஏத்தணும். முதல்ல உங்க சூட்டுலயே வச்சுக்கிட்டு இருங்க.”

விறகுக் கட்டைமேல் உட்கார்ந்தார்கள். எலி அவள் சால்வைக்குள். பிறகு பெட்டிக்குள். பதினெட்டு என்றான். பெட்டியைச் சுவர்ப் பக்கம் கொஞ்சம் தள்ளினான். இருபது. இன்னும் கொஞ்சம். தகரக் கூரையில் மழை கொட்டியது. இருபத்திரண்டு. ஏறிக்கொண்டே போனது. இருபத்தாறுக்கு வந்ததும் பின்னால் இழுத்தான்.

“தண்ணி ஊத்துனது அம்மா,” என்றாள் நிலுஷா. பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“தெரியும்.”

“எப்பத் தெரியும்?”

“அன்னைக்கே. திரி ஈரமா இருந்துச்சு. வாட்டுற மாடியில வேலை பாத்த கை உங்க வீட்டுல ஒண்ணுதானே இருக்கு.”

“அப்ப ஏன் உங்க தப்புன்னு சொன்னீங்க?”

“லயமே கூடி நிக்குது. அவங்களைக் காட்டிக் குடுக்கச் சொல்றீங்களா? எனக்குத் தேத்தண்ணி குடுத்தவங்க.” அவன் லேசாகச் சிரித்தான். “திரியைக் கழட்டாம குடுத்தது என் தப்புதானே.”

இந்த மனிதனையா ஊர் கூட்டித் திட்டினேன்... “மன்னிச்சுக்குங்க,” என்றாள். “அன்னைக்குச் சத்தமாப் பேசினேன். இதையும் லயத்துல நின்னு சத்தமாச் சொல்றேன்.”

“வேணாங்க. உங்க சத்தம் ஒரு தரம் போதும்.”

சாக்கு அசைந்தது. இறுகிய முள் உருண்டை கொஞ்சம் தளர்ந்தது. கறுப்பு மூக்கு ஒன்று வெளியே வந்து, காற்றை முகர்ந்து, இருவரையும் பார்த்தது. பிறகு சீறியது. உலகத்திலேயே அழகான சீறல் அதுதான் என்று நிலுஷாவுக்குத் தோன்றியது. அழுதுகொண்டே சிரித்தாள்.

காளிதாஸ் சிரிக்கவில்லை.

“நாளன்னைக்குப் பஸ் ஓடும். நீங்க போயிடுவீங்க.”

“லீவு இதுக்கு மேல இல்ல. நீட்டுனா வேலை போயிடும்.”

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.” அவன் ஒரு விறகுச் சிராயைக் கிள்ளிக்கொண்டே பேசினான். “அன்னைக்குப் பஸ்ஸுலயே சொல்லியிருக்கணும். கொழும்புல இந்த மாசம் சும்மாவே இருபத்தேழு, இருபத்தெட்டு இருக்கும். அங்க யார்கிட்டயாவது விட்டிருந்தா இந்தப் பெட்டி வேணாம், சட்டி வேணாம், ஒண்ணுமே வேணாம். அது எனக்கு முதல்லயே தெரியும். சொல்லல.”

“ஏன்?”

“சொன்னா நீங்க அடுத்த பஸ்லயே போயிருப்பீங்க.” அவன் இப்போது நிமிர்ந்து அவளை நேராகப் பார்த்தான். “எலி சாகக் கெடந்தப்ப அதுதான் என்னைக் கொன்னுச்சு. என் ஆசைக்கு ஒரு உசுரைக் குளிர்ல வச்சிருந்தேன். உங்களைப் புடிச்சிருக்குங்க. அந்தக் கடைப்படியில இருந்தே. இதுக்கும் ஏசுறதுன்னா ஏசுங்க.”

நிலுஷா வாயைத் திறந்தாள். போன் அடித்தது. டெஹிவளை. அவசரமாக அணைக்கப் போய், ஈரவிரல் வேறு எங்கோ பட்டு, அம்ராவின் குரல் விறகுக் கொட்டகை முழுக்க ஒலித்தது.

“நிலு, எத்தனை தரம் கேக்கிறது? எங்கட வீட்டுல பல்ப்பும் தேவையில்ல, ஒண்ணும் தேவையில்ல. நானே வந்து ரம்புட்டானை எடுத்துட்டுப் போறேன்னு நீ போன நாள்ல இருந்து சொல்றேன். ரெண்டு நாள், ரெண்டு நாள்னு அந்தக் குளிர்லயே ஏன் வச்சிட்டிருக்கிறே? அங்க அப்படி என்னதான் ஈக்குது?”

நிலுஷா போனை அணைத்தாள். அடுப்புச் சுவரின் சூடு முழுவதும் அவள் கன்னத்தில் ஏறியது.

“போன நாள்ல இருந்தா?” என்றான் காளிதாஸ்.

“நீங்க ஒண்ணும் பேசாதீங்க.”

“நான் பேசலயே...” அந்தக் கண்கள். உதட்டைக்கூட இன்று அவன் அடக்கவில்லை.

“ஆமா. எனக்கும் தெரியும்.” கோபமாகவே சொன்னாள். காதலைச் சொல்லும்போதும் அவளுக்கு எரிச்சலாகத்தான் வந்தது. “நீங்க மட்டுந்தான் சொல்லாம இருந்தீங்களா? எலிக்குக் கொழும்புதான் நல்லதுன்னு முதல் நாளே தெரியும். சாயங்காலம் ஆனா நீங்க குடையை மடக்கிட்டு வாசல்ல வந்து நிப்பீங்க. அதுக்காகத்தான் நாள் நாளாத் தள்ளிப் போட்டேன். எனக்கும் உங்களைப் புடிச்சிருக்கு. பாவம் அந்த எலி, நம்ம ரெண்டு பேர்கிட்டயும் வந்து மாட்டிக்கிச்சு.”

அவன் கை அவள் கைப் பக்கம் வந்து, தொடாமல், பெட்டியின் விளிம்பில் நின்றது. அவள்தான் தன் விரலை நகர்த்தி வைத்தாள். குத்து வாங்கிய அதே விரல்.

“அம்ராவை வரச் சொல்றேன்,” என்றாள். “ரம்புட்டான் போகட்டும். அது நல்லா இருக்கணும்.”

“நீங்க?”

“கிளினிக்குல கணக்கு முடிக்கப் போகணும். திரும்பி வந்துடுவேன். பலாங்கொடையிலயும் பல்லு வலிக்கத்தானே செய்யும்? ஒரு டாக்டராவது ஆள் தேடாமலா இருப்பாரு.” பிறகு ஓரக்கண்ணால் பார்த்தாள். “ஆனா எலி போயிட்டா, நீங்க என்ன சாக்குச் சொல்லி எங்க வீட்டுக்கு வருவீங்க?”

“சாக்கு எதுக்கு? வர்ற பௌர்ணமி போயா லீவுக்கு எங்கம்மாவைக் கூட்டிக்கிட்டு வர்றேன். உங்கப்பாகிட்ட நேராவே கேக்கிறேன்.”

தூரத்தில் கொழுந்து லொறி மலையேறும் சத்தம் கேட்டது. ஓட்டி வருகிறவர் கிருஷ்ணராஜ். காளிதாஸ் எழுந்து தலைவலையை மாட்டிக்கொண்டான். பலகையில் இரண்டு பக்கமும் இருபத்தைந்து காட்டியது.

“வாங்க,” என்றாள் நிலுஷா. “அந்தப் பலகையை மட்டும் கொண்டாந்துடாதீங்க. அம்மா தண்ணி ஊத்திடுவாங்க.”